முதலில் வந்தவரின் தூள் ஏன் முதலில் அரைபடவில்லை?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"நான் விடியவே வந்தனான், எனக்குப் பிறகு வந்தவையின்ரை உளுந்து எப்படி முதல் முடிஞ்சது?" என்று போன கிழமை ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அன்று அவசரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

எங்கள் ஆலையில் வறுக்கும் உருளை ஒன்றுதான், வறுத்ததை அரைக்கும் இயந்திரமும் ஒன்றுதான். அந்த அக்காவின் மிளகாய், மல்லியை வறுக்க 40 நிமிடம், அரைக்க 20. உளுந்துக்கு வறுக்க 10, அரைக்க 30. மிளகாயை முதலில் போட்டால் அரைக்கும் இயந்திரம் 40 நிமிடம் சும்மா நிற்கும். இரண்டும் முடிய 90 நிமிடம். உளுந்தை முதலில் போட்டால், அது அரைபடும்போதே மிளகாய் வறுபடும். 70 நிமிடத்தில் இரண்டும் முடிந்துவிடும். உளுத்தம்மாவில் காரமும் ஏறாது. வறுக்கக் குறைந்த நேரம் எடுப்பது முன்னுக்கு, அரைக்கக் குறைந்த நேரம் எடுப்பது பின்னுக்கு என்ற இந்த முறையை 1954இல் ஜோன்சன் என்ற கணித அறிஞர் நிறுவிக் காட்டினார். 10 பேரின் வேலையை 36 இலட்சத்துக்கு மேற்பட்ட விதமாக அடுக்கலாம். அத்தனையையும் பார்க்காமலே நல்ல வரிசை கிடைப்பது எங்களுக்குப் பெரிய உதவி.

ஆனால் கரண்டும் இடம்கொடுக்க வேண்டுமே. எங்கள் திறீ பேஸ் இணைப்பு 30 அம்பியர். அரைக்கும் மோட்டர் இரண்டும் தலா 12, செக்கு 8, உருளையைச் சுற்றும் மோட்டர் 2. கூட்டினால் 34. எல்லாம் சேர்ந்து ஓடினால் பிறேக்கர் விழக்கூடும், விழுந்தால் எல்லாருடைய வேலையும் நிற்கும். அதனால் அரைக்கும் மோட்டர் ஒன்று ஓய்ந்த பிறகுதான் செக்கைப் போடுகிறோம். எள்ளுத் தந்தவர்களைப் பின்னேரம் வரச் சொல்வது இதனால்தான். மோட்டர் புறப்படும்போது ஓடுவதைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதால் ஒவ்வொன்றாகவே தொடங்குகிறோம். மாலை 6.30 முதல் 10.30 வரை எங்கள் மீற்றருக்கு யூனிற் விலை மிகக் கூட. அந்நேரம் ஓட்டினால் அரைகூலியை ஏற்ற வேண்டிவரும். அதை நாங்கள் விரும்பவில்லை.

ஊறவைத்த அரிசிக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. அது புளித்துவிடும். எப்போது கொண்டுவந்தாலும் மற்ற இயந்திரத்தில் உடனே அரைத்துத் தருவோம்.

சரி, உங்களிடம் ஒரு கேள்விதான். வறுத்து அரைக்கும் சாமான்களை முதல்நாள் பின்னேரமே நிறுத்துத் தந்துவிட்டுப் போக முடியுமா? இரவே வரிசை போட்டு, எத்தனை மணிக்கு வரலாம் என்று தொலைபேசியில் சொல்லிவிடுவோம். கனடாவுக்குப் பார்சல் அனுப்புகிறவர்கள் அனுப்பும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆடிப்பிறப்புக்குப் பயறு வறுக்க இருப்பவர்கள் இரண்டு நாள் முந்தித் தாருங்கள்.

அன்புடன்,
ஆலையில் உள்ள நாங்கள்