நிறம் மங்காத புரூஸ் லீ

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரூஸ் லீ மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், மன்னார்குடியில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையின் கண்ணாடிக்கு மேலே, மார்பில் நகக்கீறல்களோடு அவர் நிற்கும் படம் இன்னும் கழற்றப்படவில்லை. ஹாங்காங்கில் வளர்ந்து, இப் மான் என்ற ஆசானிடம் 'விங் சுன்' என்னும் சீனத் தற்காப்புக் கலையைப் பயின்ற அவர், 1973 ஜூலை 20 அன்று இறந்தபோது அவருக்கு வயது 32தான். தாம் நடித்த 'என்டர் தி டிராகன்' படம் திரைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை என்பதை எண்ணினால் இன்றும் மனம் கனக்கிறது.

அவருடைய ஈர்ப்பு அடிதடியில் மட்டும் இல்லை. பெரிய உடற்கட்டு இல்லாத ஓர் ஆசிய இளைஞர், பயிற்சி ஒன்றையே நம்பி நிமிர்ந்து நின்றதைக் கண்டுதான், அறுவடை முடிந்த வயலில் தாள் குத்தக் குத்த வெறுங்காலோடு உதைத்துப் பழகினோம். இரண்டு கட்டைகளைச் சைக்கிள் செயினால் கோத்து, கை காய்க்கும்வரை சுழற்றினோம். எங்கள் சிலம்ப வாத்தியார் அதைத் தடுக்கவில்லை. "அவர் கையைப் பார்க்காதீர்கள், காலடி வைப்பதைப் பாருங்கள்" என்றார். அந்தக் காலடியைத்தான் இன்றைக்கும் கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான் என் பேரன்.

அவரது பயிற்சிமுறை குறித்துத் தங்கள் நாளிதழ் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மன்னார்குடி