ரெய்டு போதாது, ரசீது வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பாவில் அரசியல் இஸ்லாம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்துக்கு (இக்வான் என்றால் பலருக்குத் தெரியும்) அங்கே தலைமையகமும் உறுப்பினர் பட்டியலும் இருப்பதுபோல எழுதியிருக்கிறது. அப்படி இருந்திருந்தால் ஐரோப்பியப் போலீசாரின் வேலை எப்போதோ முடிந்திருக்கும்.

ஹசன் அல்-பன்னா 1928-ல் எகிப்தில் தொடங்கிய மத-அரசியல் இயக்கம் அது. 1954-ல் எகிப்தின் ஆட்சியாளர் நாசர் அதை நசுக்கியபோது ஆட்கள் சிதறினார்கள். பன்னாவின் மருமகன் சயீத் ரமதான் 1961-ல் ஜெனீவாவில் இஸ்லாமிய மையம் அமைத்தார். ஐரோப்பாவில் அதன்பின் முளைத்தவை கட்சிக் கிளைகள் அல்ல, சங்கங்கள். பிரான்சில் 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு பேர் சேர்ந்தாலே சங்கம் வைக்கலாம். தொழுகைக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஒன்றைக் கலைத்தால் மற்றவை அப்படியே நிற்கும்.

2025 மே மாதம் வெளியான பிரெஞ்சு அரசு அறிக்கை, இயக்கத்தின் பிரெஞ்சுக் கிளையாகக் கருதப்படும் கூட்டமைப்போடு இணைந்தவை 139 தொழுகை இடங்கள், நெருக்கமானவை 68 என்கிறது. இது நாட்டின் மொத்த முஸ்லிம் தொழுகை இடங்களில் சுமார் 7 சதவீதம். மீதி 93 சதவீதம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அரசுகள் சறுக்குவது ஆதாரத்தில். வியன்னாவில் துப்பாக்கிச் சூடு நடந்த ஒரு வாரத்தில், 2020 நவம்பர் 9 அன்று, இந்த இயக்கத்தோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் ஆஸ்திரியப் போலீசார் சுமார் 60 இடங்களில் புகுந்து சோதனை போட்டார்கள். மறு ஆண்டே கிராட்ஸ் உயர் நீதிமன்றம், முறையிட்டவர்கள் விஷயத்தில் அந்தச் சோதனைகள் சட்டவிரோதம் என்றது. பிரான்சின் லீல் நகரில் அவெரோயஸ் முஸ்லிம் பள்ளியின் கதையும் அதேதான். ஒழுக்கக் கல்வி வகுப்பின் நூற்பட்டியலில் இருந்த ஒரு நபிமொழி விளக்கவுரையைக்கூடக் குற்றமாகக் காட்டி, பள்ளிக்கு நிதி தரும் ஒப்பந்தத்தை 2023 டிசம்பரில் அரசு முறித்தது. கடுமையான மீறல் எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று 2025 ஏப்ரலில் நிர்வாக நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. இப்படி ஒவ்வொரு வழக்கு தோற்கும்போதும், 'எங்களை மதத்துக்காகவே வதைக்கிறார்கள்' என்ற பிரசாரத்துக்கு அரசே தீனி போடுகிறது.

பணத்தின் மேல் கைவைத்த சட்டம் மட்டும் நின்றது. பள்ளிவாசல்களின் அன்றாடச் செலவுக்கு வெளிநாட்டுப் பணம் கூடாது என்று ஆஸ்திரியா 2015-ல் சட்டம் போட்டது. துருக்கி அரசிடம் சம்பளம் வாங்கிய இமாம்கள் வெளியேற வேண்டியதாயிற்று. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம்வரை போயும் 2019-ல் சட்டம் தாக்குப்பிடித்தது. அதிலும் ஓர் ஓட்டை உண்டு: தடை தொடர்ந்து வரும் பணத்துக்குத்தான், ஒரே தடவையாக வரும் நன்கொடைக்கு இல்லை. சம்பளத்தை நிறுத்திவிடலாம், கட்டடம் வாங்க வரும் பெருந்தொகையை நிறுத்த முடியாது. அடுத்த கட்டுரையில் உங்கள் செய்தியாளர் கட்டடப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி