மாப்ளைக்கு, கோத்தகிரிலேருந்து

டேய் மாப்ள,

உன் வாய்ஸ் நோட்டைக் கேட்டேன்டா. பதிலும் வாய்ஸ்லயே அனுப்பலாம்னு பாத்தா பின்னாடி ட்ரையர் ஓடுற சத்தத்துல நான் பேசுறது எனக்கே கேக்கல, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் வரும், வெள்ளிக்கிழமை லீவுல சாவகாசமா படி.

உன் பையன் கேட்டானாமே, ஸ்கூல்ல சொந்த ஊர் பத்தி எழுதச் சொன்னாங்கப்பா, நம்ம சொந்த ஊர் எதுன்னு, நீ பதில் சொல்லாம பால்கனிக்குப் போயிட்டியாமே. அதைச் சொல்லிட்டு உடனே கோயம்புத்தூர் சரவணம்பட்டில ஒரு பிளாட் விலைக்கு வருது, தோஹாவ விட்டுட்டு அங்க வந்து செட்டில் ஆயிரலாமா, இல்ல கோத்தகிரிக்கே வரவா, நீ எப்படிடா வேலையத் தூக்கிப் போட்டுட்டு வந்தேன்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேட்டிருக்க. நான் ஒவ்வொண்ணா சொல்றேன், வரிசையா வராது.

முதல்ல ஒண்ணு. இந்த யூடியூப்ல வர்றான் பாரு, லட்ச ரூபா சம்பளத்த விட்டுட்டு மண்ணுக்குத் திரும்பிய இன்ஜினியர்னு, பின்னாடி புல்லாங்குழல் மியூசிக் போட்டு, அந்தக் கதை இல்ல என்னோடது. திருப்பூர்ல மெர்ச்சன்டைஸரா இருந்தவனுக்கு என்ன மண்ணு. 2023-ல ஆர்டர் படுத்துச்சு, கம்பெனில ஆள் குறைச்சாங்க, என்னை இருக்கச் சொல்லிட்டு என் டீம்ல இருந்த புள்ளைங்கள நானே கூப்பிட்டுச் சொல்லணும்னாங்க. லேப் டிப்புக்கு, அதான் சாயம் போட்ட துணி சாம்பிளுக்கு, அப்ரூவல் வரல, ஷிப்மென்ட் லேட்டு, பையர் மெயில்ல சிவப்பு எழுத்துல கத்துறான், இதுக்காக ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு போனைப் பாக்குற பழக்கம் ஒரு பக்கம். சம்பளம் நல்லாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும்ல. ஆனா அந்த ஊர்ல அத்தன வருஷம் இருந்தும் எனக்குத் தெரிஞ்சவன் எல்லாம் கம்பெனிக்காரன், கார்கோக்காரன், பிரிண்டிங்காரன், அவ்வளவுதான். சாவு வீட்டுக்குக் கூப்பிடுற அளவுக்கு ஒருத்தன் இல்ல.

வீட்ல அவ இன்னும் திருப்பூர்லதான். அவளுக்கு ஸ்கூல் வேலை இருக்கு, பாப்பா ப்ளஸ் டூ முடிக்கணும். சனிக்கிழமை மேட்டுப்பாளையம் இறங்கி பஸ் மாறி நான் போயிட்டு வர்றேன். இது ஊருக்குத் திரும்புன குடும்பம்னு போட்டோ எடுக்குற மாதிரி இல்லடா, பாதிக் குடும்பம் மேல, பாதி கீழ.

இப்ப என்ன பண்றேன்னா, டவுனுக்கு வெளிய ஒரு பழைய ஷெட்ட வாடகைக்கு எடுத்து, சின்னதா ஒரு ரோலர், ஒரு ட்ரையர் போட்டு ஆர்த்தடாக்ஸ் டீ பண்றேன். சிடிசி தூள் இல்ல, முழு இலை. சாயந்தரம் கொழுந்து வரும், வலைல பரப்பி ராத்திரி முழுக்க வாடவிட்டு, காலைல உருட்டி, அப்புறம் சும்மா காத்து படுற மாதிரி விட்டு வைக்கணும், அந்த நேரந்தான் டீயே. பச்சப் புல்லு வாசம் போயி பழ வாசம் வர்ற ஒரு நேரம் இருக்கு, கொஞ்சம் முன்னாடி எடுத்தா கசக்கும், தாண்டிட்டா செத்துரும். அன்னிக்குக் குளிர் எப்படி, மழை இருக்கா, இலை எந்தச் சரிவுலேருந்து வந்துச்சு, எல்லாத்துக்கும் அது மாறும். நாலு நாலரைக் கிலோ இலைக்கு ஒரு கிலோ டீ வரும், அவ்வளவுதான். அதுவும் ரெண்டு இலையும் மொட்டும்னு சுத்தமா பறிச்சாத்தான். மிஷின் கத்தரிக்கோல் வச்சு அறுத்த இலை இதுக்கு ஆகாது, அதனால கையால பறிச்சுக் குடுக்குற சின்ன விவசாயிங்ககிட்ட பேக்டரி ரேட்ட விட கூட குடுத்து வாங்குறேன். எல்லாம் படுகர் ஆளுங்க. நம்ம ஸ்கூல்ல படுகு பேசுற பசங்கள பாத்தா ஒதுங்கிப் போவோம்ல, இப்ப விலை பேசுறது, சண்டை போடுறது, வீட்டு விசேஷத்துக்குப் போயி சாப்பிடுறது எல்லாம் படுகுலதான் பாதி ஓடுது.

எங்கம்மா ஆறு மாசம் பேசலடா என்கிட்ட. அது உனக்குப் புரியும், வேற யார்கிட்ட சொன்னாலும் புரியாது. "கொழுந்துக் கூடைய உன் தோள்ல மாட்டக் கூடாதுன்னுதான் நான் அட்டைக் கடில நின்னேன், நீ காலேஜ் படிச்சிட்டு வந்து அதே எலையக் கட்டி அழுவுற"ன்னு ஒரே வார்த்த, அப்புறம் மூஞ்சிய திருப்பிக்கிட்டா. நான் என்ன பதில் சொல்ல. நம்ம வீட்ல எல்லாருக்கும் டீத்தோட்டம்னா அங்கேருந்து தப்பிக்கிற இடம், அவ்வளவுதானே. எஸ்டேட் லைன் வீட்ல இருந்த நம்ம செட்டுப் பசங்கள எண்ணிப் பாரு, ஒருத்தன் ஓசூர், ஒருத்தன் கோயம்புத்தூர், பாதிப் பேரு திருப்பூர் பனியன், நீ தோஹா. அப்பன் ரிட்டயர் ஆனா லைன் வீட்டக் காலி பண்ணணும்ங்கறது சின்ன வயசுலயே தெரிஞ்சதால, எவனுமே அந்த வீட்ட வீடுன்னு நினைக்கல. எங்கப்பா ரிட்டயர் ஆன எஸ்டேட்ல சாமான ஏத்துற வண்டி வந்து நின்னப்ப அவரு போயி கொத்தமல்லிப் பாத்திக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாரு.

சரி, அம்மா எப்படி மாறுனான்னு கேளு. மாறல முழுசா. ஒருநாள் மழை, நான் இலைய விட்டு வச்சிட்டு எடுக்கலாமா வேணாமான்னு முழிச்சிக்கிட்டு நிக்கிறேன், சோறு குடுக்க வந்தவ வாசல்லயே நின்னு, "இப்ப எடுறா, இதுக்கு மேல விட்டா புளிச்சிரும்"னா. உனக்கெப்படிமா தெரியும்னா, ஸ்டோருக்குள்ள, அதான் பேக்டரிக்குள்ள, யாரு விட்டா எங்கள, காலைல பேர் குடுக்குற பெரட்டுக்குப் போறப்ப தினம் அந்த வழியாத்தான நடப்போம், இந்த வாசம் வந்தா உள்ள அடுத்து என்ன பண்ணுவாங்கன்னு தெரியாதான்னு கேட்டா. யோசிச்சுப் பாரு மாப்ள, வாழ்க்கை பூரா கொழுந்து பறிச்சவ, பேக்டரிக்குள்ள கால் வச்சதில்ல, அவ பறிச்ச நல்ல டீய அவ குடிச்சதும் இல்ல, தோட்டத்துல இவங்களுக்குக் குடுத்தது எல்லாம் தூளுதானே. அன்னிக்கு அந்த பேட்ச்லேருந்து ஒரு கப்பு போட்டுக் குடுத்தேன், பால் இல்லாம. குடிச்சுப் பாத்துட்டு, "இதுல என்னடா இருக்கு, சாயமே எறங்கல, இதுக்கா இம்புட்டு வெல"ன்னுட்டு எழுந்து போயி தூள் போட்டு பால் ஊத்திக் குடிச்சா. ஆனா அதுலேருந்து தினம் வர்றா. சம்பளம் வேணுமாம், குடுக்குறேன்.

உன் பையன் கேள்விக்கு வர்றேன். போன வருஷம் அம்மாவ இலங்கைக்கு, அவ பொறந்த மஸ்கெலியாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். எனக்கும் உள்ளுக்குள்ள உன்ன மாதிரி ஒரு நினைப்பு, அங்க போனா ஏதோ பிடிபடும்னு. கப்பல்ல வந்தவ கப்பல்லயேதான் போவேன்னா, தலைமன்னார் கப்பல் 1984-லயே நின்னுபோச்சு, இப்ப நாகப்பட்டினத்துலேருந்து காங்கேசன்துறைக்குத்தான் விடுறாங்க, அது வேற கோடின்னு சொல்லி பிளைட்ல ஏத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆச்சு. கொழும்புலேருந்து அட்டனுக்கு ரயில். அட்டன் ஸ்டேஷன்ல இறங்குன உடனே அழுதா. 1972-ல இந்தியாவுக்கு வர அங்கேருந்துதான் ஏறுனது, பதினஞ்சு வயசு. அந்த ரயில அழுகைக் கோச்சின்னு சொல்வாங்களாம், போறவனும் அழுவான், ஏத்திவிட வந்தவனும் அழுவான். உங்கம்மாவும் சொல்லியிருப்பாங்க.

மஸ்கெலியால அவளுக்குத் தெரிஞ்ச பழைய டவுனே இல்லடா. மவுஸ்ஸாக்கலை டேம் கட்டுனப்ப தண்ணிக்குள்ள போயிருச்சு, அவ சின்னப் புள்ளையா இருந்தப்பவே. தண்ணி வத்துனா பழைய கோயில் வெளிய தெரியுமாம், நாங்க போனப்ப நிறைஞ்சு கெடந்துச்சு. எதிர்ல சிவனொளிபாத மலை மட்டும் அப்படியே நிக்குது. அவ பொறந்த லயம், அதான் லைன் வீடு, இருக்கு, அதே பத்துக்குப் பத்து காம்பரா மாதிரி, தகரம் மட்டும் புதுசு. அம்மாவோட சித்தி மக இன்னும் அங்கதான், அவ பேரப்பிள்ளைங்க கொழும்புல கடைல வேலை. ராத்திரி ரொட்டியும் சம்பலும், பழைய ஆளுங்க கதை, காமன் கூத்துல தாத்தா ஆடுனது, எல்லாம் ஓடுச்சு. மறுநாள் மலைக்குப் போயி கவ்வாத்து பாத்துட்டு, என்னா இப்படி வெட்டி வச்சிருக்கான்னு குறை சொன்னா. அதுக்கடுத்த நாள் கோத்தகிரில இருக்குற சீட்டு ஞாபகம் வந்துருச்சு, ஏலம் அன்னிக்கு, இவ இல்லன்னா எவளோ தள்ளி எடுத்துருவாளாம், என் போனப் புடுங்கி சீட்டுக்காரம்மாகிட்ட அரை மணி நேரம் ரோமிங்ல சண்டை. அப்புறம் அவளுக்கு அங்க இருப்பே கொள்ளல. கோழிக்குத் தீனி யாரு போடுறா, பீன்ஸ் முத்திருக்கும், எப்ப கெளம்புறோம். நான்தான் டேம் ஓரத்துல உக்காந்து ஏதாவது தோணுதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் தோணல, அட்டை கடிச்சுச்சு.

பையனுக்கு எழுதுறதுக்கு வேணும்னா இதைச் சொல்லு. தமிழ்நாட்டுலேருந்து இலங்கைக் காப்பித் தோட்டத்துக்காக மன்னார்ல இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியா நடந்தே போனவங்க நம்மாளுங்க, வழிலயே செத்தவங்க எத்தனையோ, அதை நினைச்சு 2023-ல தலைமன்னார்லேருந்து மாத்தளைக்கு ஒரு நடைப்பயணமே போனாங்க, 200 வருஷம் ஆச்சுன்னு. 1948-ல அந்த நாடு சுதந்திரம் வாங்குன அதே வருஷம் ஒரு சட்டம் போட்டு நம்மாளுங்களுக்குக் குடியுரிமை இல்லன்னுட்டாங்க. 1964-ல ரெண்டு நாட்டுப் பிரதமருங்க, சாஸ்திரியும் சிறிமாவோவும் உக்காந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க, மிச்சம் ஒன்றரை லட்சத்த 1974-ல இந்திரா காந்தி காலத்துல பாதிப் பாதி. எந்தத் தோட்டத்துலயும் போயி நீ எங்க இருக்க ஆசைப்படுறன்னு ஒழுங்கா உக்காந்து கேட்டதா நான் எந்தக் கிழவி வாயிலயும் கேள்விப்படல, பக்கத்துக் காம்பரா எழுதிக் குடுத்துச்சுன்னு இவங்களும் எழுதிக் குடுத்தாங்க, அண்ணன் இங்க தங்கச்சி அங்கன்னு ஆச்சு. அங்க மிச்சம் இருந்தவங்களுக்கு முழுசா குடியுரிமை கிடைக்க 2003 ஆச்சு.

இந்தப் பக்கம் வந்தா மண்டபம் கேம்ப், கைல பேமிலி கார்டு, அதுல என்ன எழுதியிருக்கோ அதுதான் தலையெழுத்து. உங்கப்பாவுக்கு டேன்டீ, அதான் நம்ம கவர்ன்மென்ட் டீத்தோட்டம், கிடைச்சுச்சு, அது 1968-ல நம்மாளுங்களுக்காகவே ஆரம்பிச்சதுங்கறதால அந்த மட்டும் குளிர் ஊரு. எங்க பெரியப்பா கர்நாடகால சுள்ளியா பக்கம் ரப்பர் வெட்டப் போனாரு, இன்னொரு குடும்பம் கேரளால புனலூர் ரப்பருக்கு, சிலபேரு ஸ்பின்னிங் மில்லுக்கு. எங்கப்பாவுக்கு லோன் குடுத்து துறையூர் பக்கம் கடை வைக்கச் சொன்னாங்க. தேயிலையத் தவிர எதையும் பாக்காத மனுஷன், சித்திரை வெயில்ல மளிகைக் கடை! மூணு மாசத்துல கடை காலி, நீலகிரில கொழுந்து வேலை இருக்காம்னு யாரோ சொல்ல ராவோட ராவா பஸ் ஏறிட்டாங்க. இங்க வந்தா சிலோன்காரங்கன்னாங்க. கம்யூனிட்டி சர்டிபிகேட் வாங்க அந்த பேமிலி கார்டத் தூக்கிக்கிட்டு எங்கப்பா ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்குனது உனக்கும் தெரியும், கூட வந்தவன் நீதானே.

இதுல எது சொந்த ஊர்னு நீ அந்தப் பையனுக்கு ஒத்தை வரில சொல்லப் பாத்தா பால்கனிக்குத்தான்டா போகணும். எல்லாத்தையும் எழுதச் சொல்லு, டீச்சர் மார்க்கு குறைச்சா குறைக்கட்டும்.

இன்னொரு விஷயம் உன்கிட்ட சொல்லணும். நாம காலி பண்ணிட்டு வந்த அந்த லைன்ல இப்ப யாரு இருக்காங்க தெரியுமா, ஜார்க்கண்ட்காரங்க. அஸ்ஸாம்லேருந்தும் வந்திருக்காங்க. நம்மாளுங்க கீழ இறங்கிப் போன இடத்துக்கு அங்கேருந்து இலை பறிக்க வந்திருக்காங்க. உங்க வீட்டு வாசல்ல இருந்த அந்தக் கல்லுல ஒரு சின்னப் பொண்ணு உக்காந்து ஹோம்வொர்க் எழுதிக்கிட்டு இருந்துச்சு, கவர்ன்மென்ட் ஸ்கூல், தமிழ் நோட்டு, ல-வும் ள-வும் உன்ன விட கரெக்டா எழுதுது. அதோட அம்மா என் ஷெட்டுக்கு லீவு நாள்ல இலை பொறுக்க வருது. எங்கம்மாவும் அதுவும் என்ன பாஷைல பேசுறாங்கன்னு எனக்கு இன்னும் புரியல, ஆனா மணிக்கணக்கா பேசுறாங்க. நேத்து எங்கம்மா சீட்டுல அதையும் சேத்துவிட்டிருக்கா, ஜாமீன் இவளாம். "ஏம்மா, அவங்க எப்ப வேணா ஊருக்குப் போயிருவாங்களே"ன்னேன். "நம்மளயும் இப்படித்தான் சொல்லி கடைல கடன் குடுக்க மாட்டேன்னானுங்க"ன்னுட்டு வெத்தலை இடிக்கப் போயிட்டா.

நீ வர்றதப் பத்தி. சரவணம்பட்டி பிளாட் விலை ஜாஸ்தி, அதுவும் நீ அங்க யாரோட பேசுவ? ஆனா கோத்தகிரிக்கு வர்றதா இருந்தா நம்ம பழைய ஊருன்னு நெனச்சு வராத, அந்தப் பசங்க யாரும் இங்க இல்ல, உனக்குத் தெரிஞ்ச டீக்கடைகூட மாறிருச்சு. புதுசா வர்ற ஆளா நெனச்சு வா, செய்யிறதுக்கு ஒரு வேலைய முடிவு பண்ணிட்டு வா, சும்மா ரிட்டயர்மென்ட்டுன்னு வந்தா ரெண்டு மாசத்துல மழையப் பாத்து மூஞ்சி தொங்கிரும். எனக்கு எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் பாக்க ஆள் வேணும், நீ அங்க லாஜிஸ்டிக்ஸ்ல பண்றது அதேதானே. திருப்பூர்ல வாங்குனதுல பாதிகூட எனக்கு இப்ப வரல, உனக்கு என்ன குடுக்க முடியும்னு எனக்கே தெரியாது. அதனால வேலைய உடனே விட்றாத. லீவு போட்டு ஜனவரில வா, பனி விழுற சீசன், அப்ப வர்ற இலைக்கு ஒரு தனி வாசம் இருக்கு, ராத்திரி முழிச்சிருந்து பண்ணணும், குளிரு எலும்புல ஏறும். அந்த ஒரு மாசம் தாங்குறியான்னு பாப்போம்.

வரும்போது குடும்பத்தையும் கூட்டிட்டு வா. பையன எங்கம்மாகிட்ட விட்டுட்டா ப்ராஜெக்ட்ட அவளே முடிச்சிருவா. பேரீச்சம்பழம் தூக்கிட்டு வராத, இங்கயே கெடைக்குது, கோடாலித் தைலம் பெரிய பாட்டில் ரெண்டு, ஒண்ணு எங்கம்மாவுக்கு, ஒண்ணு அந்த ஜார்க்கண்ட் பொண்ணோட மாமியாருக்காம், மூட்டு வலியாம், லிஸ்ட்ல போடச் சொல்லிட்டா. டிக்கெட் போட்டுட்டு சொல்லு.

உன் பெஞ்ச்மேட்