எல்லோரையும் ஒரே டப்பாவில் அடைக்கப் பார்க்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நம் குடும்பத்தையே ஒரு டீயாகக் கலக்கப்போவதாக நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். அம்மாவுக்குப் பட்டை, அப்பாவுக்கு ஆரஞ்சு, சித்திக்கு ஏலக்காய், பெரியம்மாவுக்குக் கிராம்பு, தாத்தாவுக்குச் செம்பருத்தி, உன் மகளுக்கு ஆப்பிள், எனக்கு மிளகு. மிளகு விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம். ஆனால் ஆளுக்கு ஒரு ஸ்பூன் என்று சமமாகப் பங்கு வைத்திருக்கிறாயே, அது சரிப்பட்டு வராது.

பெரியம்மாவையே எடுத்துக்கொள். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால் என்ற காரமான வாசனைப் பொருள். நாக்கை மரக்க வைக்கும், மற்ற வாசனைகளை வாய் திறக்கவிடாது. பெரியம்மா பேசும்போது வேறு யார் குரலாவது நம் காதில் விழுந்திருக்கிறதா? 100 கிராம் கலவைக்கு 1 கிராம் கிராம்பு தாராளம். அதையும் முழுசாகப் போடாதே. கப்புக்கு 2.5 கிராம் எடுத்தால் 100 கிராமில் 40 கப் வரும். 1 கிராமில் நிற்பதோ பத்துப் பதினைந்து கிராம்புதான். பத்துப் பதினைந்து கப்பில் பெரியம்மா ஆட்டிவைப்பார், மீதிக் கப்புகளில் ஆளையே காணோம் என்றாகும். தேயிலைத் துணுக்கு அளவுக்கு ஒன்றிரண்டாக இடித்துவிடு. பட்டை, ஏலக்காய், மிளகுக்கும் அதேதான். இடிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தேயிலையை 4 நிமிஷத்துக்கு மேல் ஊறவிட்டால் துவர்ப்பு ஏறிவிடும், முழு மசாலாவுக்கு அந்த நேரம் போதாது. உடைத்துவிட்டால் இரண்டும் ஒரே சமயத்தில் இறங்கும்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. வெறும் வெந்நீரில் வாசனையோடு நின்றுவிடுவேன்.

உண்மையான தகராறு அம்மாவுக்கும் தாத்தாவுக்கும்தான். அம்மா பால் இல்லாமல் டீயைத் தொட மாட்டார். செம்பருத்தியோ நல்ல புளிப்பு. அது ஊறின டீயில் பாலை ஊற்றிப் பார், கண்ணெதிரே திரிந்து திரிதிரியாக மிதக்கும். எலுமிச்சை பிழிந்தால் நடப்பதும் இதேதான். அதனால் தாத்தாவுக்குத் தனி டப்பா. அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

அப்பாவால் அந்தச் சங்கடம் இல்லை, சாற்றையும் சுளையையும் விட்டுத் தோலை மட்டும் எடுத்துக்கொண்டால். ஆரஞ்சின் மணம் தோலில் இருக்கும் எண்ணெயில்தான் இருக்கிறது, புளிப்பெல்லாம் சாற்றில். எர்ல் கிரே டீயின் மணமும் பெர்கமாட் என்ற பழத்தின் தோல் எண்ணெய்தான். தோலின் உட்புறம் இருக்கும் வெள்ளைச் சதையைக் கத்தியால் சீவி எடுத்துவிடு. கசப்பு அதில்தான்.

உன் மகளின் ஆப்பிளைப் பற்றி ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. உலர்ந்த ஆப்பிள் 4 நிமிஷத்தில் பெரிதாக எதுவும் தராது. கடையில் விற்கும் பழ டீக்களில் மணக்கும் பழம் பெரும்பாலும் மேலே தெளித்த வாசனைதான், துண்டுகள் பார்வைக்கு. இருந்தாலும் போடு. டப்பாவைத் திறந்ததும் கண்ணில் படட்டும். ஒரே நிபந்தனை, ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஈரத்தைத் தேயிலை உறிஞ்சிக்கொள்ளும், நாளாக நாளாகப் பூஞ்சை பிடிக்கும்.

தேயிலை எது என்று நீ எழுதவே இல்லை, கலவையில் முக்கால்வாசிக்கு மேல் அதுதான். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும், 1930-களில் வந்த சிடிசி எந்திரத்தில் உருளும் குருணைத் தூள் வேண்டாம். சீக்கிரம் கடுப்பேறும், டப்பாவில் அடியில் போய்த் தங்கி, தோலும் ஆப்பிளும் மேலே நிற்கும். சுருட்டிய இலைத் தேயிலையாக வாங்கு. இலங்கைத் தேயிலை என் விருப்பம். அசாம் அழுத்தமானது, பாலுக்கு நன்றாக நிற்கும், ஆனால் ஆரஞ்சை அமுக்கிவிடும் என்று தோன்றுகிறது.

ஆக, தேயிலை 80 கிராம், ஆரஞ்சுத் தோல் 8, பட்டை 5, ஆப்பிள் 3, ஏலக்காய் 2, கிராம்பு 1, மிளகு 1. பட்டை மெல்லிய சுருள் அடுக்குகளாக இருப்பதாகப் பார்த்து வாங்கு. தடித்த ஒற்றைப் பட்டை காசியா, அது முரட்டு ஆள், அம்மா இல்லை. எல்லாவற்றையும் அகலமான தட்டில் பரப்பிக் கையால் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் மூடி வை. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். இங்கே அது நமக்குச் சாதகம். எடுக்கும்போதெல்லாம் ஒரு குலுக்குக் குலுக்கு.

அப்புறம், பட்டியலில் சின்ன அத்தை இல்லை. அவர் கையில் டப்பா போவதற்குள் சுக்கு 1 கிராம் இடித்துச் சேர்த்துவிடு, தேயிலையில் அந்த 1 கிராமைக் குறைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா