இந்த வாரப் பேச்சு: யார் எதை முடிவு செய்வது?

வணக்கம் உறுப்பினர்களே. நேரம் போதவில்லை என்றே பலர் எழுதியிருந்தீர்கள். படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நேரப் பிரச்சினையே இல்லை. சின்ன முடிவுகூட உரிமையாளரிடம் வந்து வரிசையில் நிற்பதுதான் சிக்கல். சரி, இந்த வாரம் நிறுவன அமைப்பை, அதாவது பொறுப்புகளை யார் யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்பதைப் பற்றிப் பேசுவோம்.

பெரிய அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்த தொழில் வரலாற்றாளர் ஆல்ஃபிரட் சாண்ட்லர் 1962இல் சொன்னது: முதலில் உத்தி (எந்தத் தொழிலில், எப்படி வளர்வது என்ற திட்டம்), அதற்கேற்பத்தான் அமைப்பு. வெடிமருந்து செய்துவந்த டூபான்ட் நிறுவனம் பெயின்ட், ரசாயனம் என்று விரிந்தபோது உற்பத்தி, விற்பனை என்றிருந்த பழைய துறைப் பிரிவு தாங்கவில்லை. 1921இல் ஒவ்வொரு பொருள் வகைக்கும் தனிப் பிரிவு என்று மாற்றினார்கள். நம்முடையது சின்னத் தொழில்தான். ஆனாலும் புதிய சேவையைத் தொடங்கிவிட்டுப் பொறுப்புகளைப் பழையபடியே வைத்திருப்பவர்கள் இங்கேயும் உண்டு.

உங்கள் ஒப்புதலுக்கு வரும் விஷயங்களை வெள்ளி வரை குறித்து வையுங்கள். எதை வேறொருவர் முடிவு செய்யலாம், எவ்வளவு தொகை வரை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வரம்பு சொல்லாமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால் அவர் மறுபடியும் உங்களிடம்தான் வந்து நிற்பார்.

பட்டியலைச் சனிக்கிழமை இங்கே பதிவிடுங்கள். வாடிக்கையாளர் பெயர், கணக்கு விவரம் வேண்டாம். அப்புறம், குரல் பதிவு அனுப்புவோர் தயவுசெய்து ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.