மூன்று பொட்டலங்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

‘தண்டர் சைல்ட்’ என்ற கதைக் கப்பலுக்கு நான் கட்டிய சிறு மாதிரி மீண்டும் தன் பீடத்தில் நிற்கிறது. ஒரு புகைபோக்கியின் அடியில் பூசிய சாயம் இன்னும் விரலில் ஒட்டுகிறது. ஆனாலும் இம்மடலை நாளைக்குத் தள்ளிப்போட மனம் வரவில்லை. அன்று மாலை கண்காட்சிக் கூடத்தில் அது உடைந்து சிதறியதை நீங்கள் நேரில் பார்த்தீர்கள் அல்லது கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை மறுபடியும் விவரிக்கும் தெம்பு எனக்கு இல்லை.

மேசைக்கடியில் முழந்தாளிட்டுத் துண்டுகளைப் பொறுக்கியவர்களுக்கும், தமக்கென வைத்திருந்த அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டை நான் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்தவருக்கும், பின்னிரவு வரை உடனிருந்து விரிசலை அடைத்த புட்டிப் பசையை உப்புத்தாளால் தேய்த்துத் தந்த இருவருக்கும், எனக்காக மதிப்பீட்டை ஒரு நாள் ஒத்திவைத்த நடுவர்களுக்கும் என் நன்றி. ஒரே வாக்கியத்தில் அடக்குவது குறைதான். நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன். “கதையிலும் அது மூழ்கத்தானே செய்தது” என்று சொன்னவருக்கும் நன்றி உண்டு. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்று வருகிறது.

பாகங்கள் தயாராக வரும், பெட்டியில் வாங்கும் கிட் என்றால் உடைந்த பாகத்துக்கு மாற்றுக் கிடைத்துவிடும். முதல் தகட்டிலிருந்து கையாலேயே வெட்டிக் கட்டியதற்கு மாற்று எங்கும் இல்லை. எச். ஜி. வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்க்கிரகப் படையெடுப்புக் கதையில் ‘தண்டர் சைல்ட்’ வந்து போவது சில பக்கங்களில்தான். அது எதிரியை இடித்துத் துளைக்கும் முட்டுமுனை கொண்ட டார்பிடோ போர்க்கப்பல், அதற்கு இரட்டைப் புகைபோக்கிகள், தப்பியோடும் மக்களின் கப்பல்களைக் காக்க செவ்வாய்வாசிகளின் மூன்று முக்காலிப் போர் இயந்திரங்களை நோக்கி நேரே பாய்ந்து இரண்டை வீழ்த்தி அழிந்தது என்பவை தெரிகின்றன; நீள அகலம் எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே, பிரிட்டிஷ் கடற்படை அவ்வகையில் கட்டிய ஒரே கப்பலும், 1881-இல் நீரில் இறக்கப்பட்டதுமான ‘பாலிஃபிமஸ்’ஸின் 240 அடி நீளத்தையும் 40 அடி அகலத்தையும் எடுத்துக்கொண்டு, 1:144 என்ற விகிதத்தில் ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் நீளமுள்ள உடலை வரைந்தேன். ஆமையோடுபோல் வளைந்த மேல்தளம் அதனுடையது. அதற்கு மேலே உள்ளவை பெரும்பாலும் என் கற்பனை. என்னை அதிகம் வாட்டியவை, கப்பலின் உள்ளே காற்றைச் செலுத்தும் வளைந்த குழாய்களான பன்னிரண்டு காற்றுக்குழல்கள். மெல்லிய பிளாஸ்டிக் கம்பியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி வளைத்து, வாயைக் கைத்துரப்பணத்தால் குடைந்து, கத்தி நுனியால் விளிம்பைச் சீவ வேண்டும். ஒன்று தேறுவதற்குள் மூன்று கருகிவிடும். அன்றைய விபத்தில் பன்னிரண்டும் தெறித்துப் போயின.

மறுநாள் காலை, கூடத்தைத் துப்புரவு செய்யும் அம்மா என்னிடம் மூன்று காகிதப் பொட்டலங்களைக் கொடுத்தார். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. முதல் நாளிரவு கூட்டிய குப்பையைக் கொட்டப் போனவர், அதில் ஏதோ சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி வளைந்து கிடப்பதைக் கண்டு நின்றிருக்கிறார். பிறகு குப்பை முழுவதையும் சல்லடையில் இட்டுச் சலித்து, செய்தித்தாளை விரித்துப் போட்டுக் கண்ணில் பட்டதையெல்லாம் பிரித்திருக்கிறார். கப்பலின் எந்தப் பாகம் எது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. எனவே பொட்டலங்களின் மேல் பென்சிலால் இப்படி எழுதியிருந்தார்: “வளைந்தவை”, “கம்பிகள்”, “எதுவென்று தெரியாதவை”. என் பட்டறையில் இதைவிடத் தெளிவான பாகுபாடு இதுவரை இருந்ததில்லை. அவருடைய வேலை நேரம் முடிந்து எவ்வளவு நேரம் அங்கே குனிந்திருந்தார் என்று கேட்டேன். “உங்களுக்கு வேண்டியதா இல்லையா, அதைச் சொல்லுங்க” என்றார்.

வளைந்தவற்றில் பதினொரு காற்றுக்குழல்கள் இருந்தன. ஒன்றிரண்டின் விளிம்பு நசுங்கியிருந்ததைத் தவிர வேறு பழுதில்லை. பன்னிரண்டாவது கிடைக்கவில்லை. “எதுவென்று தெரியாதவை”யில் படகுத் தாங்கி ஒன்றும், ஏணியின் பாதியும், யாருடைய மூக்குக்கண்ணாடியிலிருந்தோ கழன்று விழுந்த ஒரு திருகாணியும் இருந்தன. அந்தத் திருகாணியை முதலில் ஒதுக்கி வைத்தேன். பிறகு உற்றுப் பார்த்தபோது, 1:144 கணக்கில் அதன் தலை கப்பலைக் கட்டும் கயிறு சுற்றுகிற இரும்புக் குற்றிபோலவே தெரிந்தது.

இனி எந்த மாதிரியையும் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் வெளியே எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பன்னிரண்டாவது காற்றுக்குழலைப் புதிதாகச் செய்யப் போவதும் இல்லை. நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும். அம்மா, கண்காட்சி முடியும் வரை கப்பல் அதே மேசையில்தான் இருக்கும். பார்க்க வரும்போது இடப்பக்கத்தில், இரண்டாவது புகைபோக்கிக்குப் பின்னால் தேடுங்கள்; அந்தக் காலியிடத்தில் உங்கள் திருகாணி சாயம் பூசப்படாமல் நிற்கிறது.