செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டின் தொடக்கத்தில் நம் வாசகர் வட்டத்துக்கு உட்கார இடமில்லை. பல ஆண்டுகளாக மாதக் கூட்டம் நடத்திவந்த கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கு வாடகையை 3,500 ரூபாயாக உயர்த்தி, 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கேட்டார்கள். நம் ஆண்டுச் சந்தா 300 ரூபாய். ஒரு மாலை பேசிக் கலைவதற்குப் பதினான்கு பேரின் சந்தா போய்விடும்.

மே, ஜூன் கூட்டங்களைப் பூங்காவில் நடத்தினோம். ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. கதை வாசித்துக்கொண்டிருந்தவர் தாள்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினார். கதையின் முடிவைத் தேநீர்க் கடைத் தாழ்வாரத்தில் நின்று கேட்டோம்.

ஜூலையிலிருந்து கிளை நூலகத்தின் மாடி அறை நமக்குக் கிடைத்திருக்கிறது. பழைய நாளிதழ்க் கட்டுகள் அடைந்துகிடந்த அறை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒட்டடை அடித்தோம், ஒரு மின்விசிறி வாங்கி மாட்டினோம். வாடகை இல்லை. இதை யாரோ போட்ட பிச்சையாக நினைத்துக் கூச வேண்டாம். நம் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா சேர்ந்து நூலக வரியாகப் போகிறது. 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டம் வகுத்த ஏற்பாடு அது. வீட்டுக்காரர் வழியாக வாடகைக்குக் குடியிருப்பவரும் கட்டுகிற பணம்தான்.

அதே அறையில் செவ்வாய்க்கிழமை மகளிர் சுயஉதவிக் குழு கூடுகிறது. ஞாயிறு காலையில் சிறுவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். பிள்ளைகளை அழைத்துவந்து படிக்கட்டில் காத்திருந்த தாய்மார்களில் ஆறு பேர் இன்று நம் உறுப்பினர்கள். மண்டபத்தில் நமக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் கல்யாண வீட்டார். பாயசம் தந்ததுண்டு, சந்தா தந்ததில்லை.

நவம்பர் கூட்டத்தன்று அறைச் சாவி என் பையிலும் நான் மதுரையிலும் இருந்தோம். உறுப்பினர்கள் படிக்கட்டிலேயே கூட்டத்தை நடத்தி முடித்தார்கள். தவறு என்னுடையது. மாற்றுச் சாவி செய்து நூலகரிடம் கொடுத்தாயிற்று.

தீராத குறை ஒன்று உண்டு. அந்த மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. மூத்த உறுப்பினர்கள் இருவர் டிசம்பரிலிருந்து வரவில்லை. ஒருவர் நம் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கைப்பிடி அமைத்துத் தருமாறு மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பும் கடிதம் தயாராக இருக்கிறது. மகளிர் குழுவினரும் கையெழுத்திடுகிறார்கள். பொதுக்குழு ஒப்புதல் தந்தால் திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கைப்பிடி வரும்வரை அவ்விருவருக்காக, மாதக் கூட்டத்தைக் கீழே வாசிப்பு மேசையருகே நடத்திக்கொள்ள நூலகர் இசைந்திருக்கிறார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்